காரசாரமான மீன் விழுது பிரெட் டோஸ்ட்: செய்முறையும், கவனிக்க வேண்டியதும்



நம் பக்கம் பிரெட் என்றால் காய்ச்சல்காரருக்கு வாங்குவது. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பாக்கெட் பிரெட், நான்கு ஆரஞ்சு. பாலில் முக்கிக் கொடுப்போம். ஆனால் இப்போது பிள்ளைகள் காய்ச்சல் இல்லாமலேயே பிரெட் கேட்கிறார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜாம் தடவி இரண்டு துண்டு, இல்லையென்றால் பாக்கெட் நொறுக்கு. குழுக் கூட்டங்களில் இதைப் பற்றி நம் உறுப்பினர்கள் குறைப்படுவதை அடிக்கடி கேட்கிறோம். "சோத்துல மீன் குடுத்தா முள்ளு இருக்குன்னு ஓடுதுங்க மேடம். பிரெட்டுன்னா மட்டும் உக்காந்து திங்குதுங்க" என்று ராமநாதபுரம் கடலோரக் குழு ஒன்றில் ஒரு அக்கா சொன்னார். அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். வீட்டில் மீனுக்குக் குறைவே இல்லை.

அந்தப் பேச்சில் இருந்துதான் இந்தப் பாடம் வந்தது. அந்த பிரெட்டுக்குள்ளேயே மீனை வைத்துக் கொடுத்தால் என்ன? முள் எடுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து விழுதாக அரைத்து, நடுவில் தடவி, தோசைக்கல்லில் முறுகச் சுட்டுக் கொடுப்பது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. இலங்கையில் தேநீர்க் கடைகளில் மாலு பாண் என்று மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் வைத்த முக்கோண பன் விற்கிறார்கள். நம்மிடம் சுறாப்புட்டு இருக்கிறது. அதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் இந்த மீன் விழுது.

மூன்று குழுக்களில் செய்து காட்டினோம். இரண்டு இடத்தில் நன்றாக வந்தது. ஒரு இடத்தில் எங்களால் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

எந்த மீன்?

மத்திதான் எங்கள் முதல் தேர்வு. சாளை என்றும் சொல்வீர்கள். விலை கட்டுப்படியாகும், எண்ணெய்ச் சத்து உள்ள மீன் என்பதால் விழுது மெத்தென்று வரும். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா-3 கொழுப்பு இதில் நிறைய உண்டு. 100 கிராம் சதையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. அயிலை (கானாங்கெளுத்தி), சூரை, பாறை இவற்றிலும் செய்யலாம். வஞ்சிரத்தை வாங்கி அரைக்க வேண்டியதில்லை, அது வறுவலுக்கு. காசை அரைத்தது போல ஆகிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நல்ல மீன் குறைவு, விலையும் ஏறும். எங்கிருந்தோ வந்த பழைய மீனும் தலை காட்டும். அந்த நாட்களுக்கு நெத்திலிக் கருவாட்டில் செய்யும் முறையைக் கீழே சொல்லியிருக்கிறோம்.

தேவையான பொருட்கள் (நான்கு பேருக்கு)

பிரெட் 8 துண்டு, மத்தி அரைக் கிலோ, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், இஞ்சி சிறு துண்டு, காய்ந்த மிளகாய் 5, மிளகு ஒரு டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், மஞ்சள் தூள் கொஞ்சம், புளி சிறு நெல்லிக்காய் அளவு, கறிவேப்பிலை ஒரு கொத்து, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, உப்பு. நம் ஊர் முண்டு மிளகாய் போட்டால் நிறமும் வாசமும் தனி. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரிந்திருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மிளகாயை இரண்டாகக் குறைத்துக் கொள்ளுங்கள்.

அரைக் கிலோ மத்தி வாங்கினால் அரைக் கிலோ விழுது வரும் என்று நினைக்காதீர்கள். நாங்கள் தராசில் வைத்தே பார்த்தோம். தலை, குடல், செதில் போக 300 கிராம் போல நின்றது. அவித்து முள் எடுத்த பிறகு 200 கிராமுக்குக் கொஞ்சம் மேல். விற்பனைக்குச் செய்ய நினைக்கிற குழுக்கள் இந்தக் கணக்கை முதலில் மனதில் வையுங்கள். கிலோ விலையை வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கும். சதைக்கு என்ன விலை விழுகிறது என்று பார்க்க வேண்டும். அதாவது மீன் விலையை ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு ஆக்கிக் கொள்ளுங்கள்.

செய்முறை

மீனைச் சுத்தம் செய்து, மஞ்சளும் உப்பும் தடவி, இட்லிப் பானையில் தட்டு வைத்து 10 நிமிடம் அவியுங்கள். தண்ணீரில் போட்டு வேகவைத்தால் சாரம் எல்லாம் தண்ணீரோடு போய்விடும், விழுதும் சொதசொதவென்று ஆகும். கை பொறுக்கும் சூடு வந்ததும் தோலை நீக்கி, மீனை இரண்டாகப் பிளந்தால் நடுமுள் வால் வரைக்கும் ஒரே இழுப்பில் வந்துவிடும். விலா முட்களை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். இந்த வேலையைப் பாட்டிமார் செய்வது போல யாராலும் முடியாது. எங்கள் பயிற்சியில் 70 வயது அப்பத்தா ஒருவர், கண் சரியாகத் தெரியாது, விரலை வைத்தே அரைக் கிலோவையும் கால் மணி நேரத்தில் முடித்தார். நாங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு எடுத்ததில்தான் முள் மிச்சம் இருந்தது.

குக்கர் இருக்கிறவர்களுக்கு இன்னொரு வழி. சுத்தம் செய்த மீனோடு புளிக்கரைசல், உப்பு, அரை டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் வையுங்கள். மத்தியின் முள் மாவு போல மசிந்துவிடும். முள்ளோடு சேர்த்தே அரைக்கலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும். விரலில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். உறுத்தினால் இன்னும் பத்து நிமிடம் வையுங்கள். இப்படிச் செய்தால் வாணலியில் மறுபடி புளி சேர்க்க வேண்டாம், தண்ணீரைச் சுண்ட வைத்தால் போதும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதென்றால், எந்த முறையில் செய்திருந்தாலும் ஒரு தடவை விரலால் பிசைந்து பார்த்துவிட்டே கொடுங்கள்.

இனி மசாலா. வாணலியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு மிளகாய், மிளகு, சோம்பு வறுத்து, வெங்காயம், பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். ஆறியதும் அம்மியில் வைத்து அரைப்பது உத்தமம். மிக்ஸி என்றால் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள். மீதி எண்ணெயை அதே வாணலியில் விட்டு, அரைத்ததைப் போட்டு, மீனையும் உதிர்த்துப் போட்டு, கெட்டியான புளிக்கரைசல் விட்டுக் கிளறுங்கள். தண்ணீர் வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியில் எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், பிரெட்டிலும் உப்பு இருக்கிறது.

டோஸ்டருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தோசைக்கல் போதும். பலரும் செய்கிற தப்பு, விழுதைத் தடவிவிட்டுப் பிறகு சுடுவது. உள்பக்கம் ஈரம் ஊறி நமநமவென்று போய்விடும். முதலில் உள்ளே வரப்போகிற பக்கத்தைக் கல்லில் எண்ணெய் இல்லாமல் அரை நிமிடம் காட்டுங்கள். பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றரைக் கரண்டி விழுதை ஓரம் விட்டுத் தடவி, மெல்லியதாக அரிந்த வெங்காயம் நான்கைந்து வைத்து, மேல் துண்டை மூடுங்கள். கல்லில் துளி எண்ணெய் அல்லது வெண்ணெய் தடவி வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. இந்தச் சொம்புதான் நம் டோஸ்டர். மிதமான தீயில் ஒரு பக்கம் இரண்டு நிமிடம், திருப்பி இரண்டு நிமிடம். குறுக்கே வெட்டி, சூட்டோடு கொடுங்கள்.

நாங்கள் செய்த தப்பு

மூன்றாவது பயிற்சி கடலில் இருந்து 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கிராமத்தில். காலையில் மீன் வாங்கி ஐஸ் போட்டு எடுத்துப் போக வேண்டும் என்று திட்டம். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், "அங்கேயே வாங்கிக்கலாம்" என்று விட்டுவிட்டோம். பதினொன்றரை மணிக்கு வண்டியில் வந்தவரிடம் அயிலை வாங்கினோம். மீன் மேல் ஈரச் சாக்கு இருந்தது, ஐஸ் இல்லை. கண் கொஞ்சம் மங்கல்தான். நாற்றம் ஒன்றும் தெரியவில்லை. "புளியும் காரமும் போட்டா சரியாப் போயிரும்" என்று யாரோ சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரிப்பு, தலைவலி. ஒருவருக்கு நெஞ்சு படபடப்பும் வந்தது. "எனக்கு மீனு ஒத்துக்கிடல போல" என்று அந்தத் தங்கை தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மீன், எப்ப வாங்கினது?" மருந்து கொடுத்தார்கள், சாயங்காலத்துக்குள் இருவருக்கும் சரியாகிவிட்டது. நாங்கள்தான் அன்று இரவு தூங்கவில்லை.

அன்று டாக்டர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். அயிலை, மத்தி, சூரை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற சத்து அதிகம். மீன் வெயிலில் ஐஸ் இல்லாமல் கிடந்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடும். அதுதான் அரிப்பையும் சிவப்பையும் கொண்டுவருவது. கெட்ட நாற்றம் வருவதற்கு முன்பே அது உண்டாகிவிடலாம். நாம் நினைக்காத விஷயம் ஒன்று: வேகவைத்தாலும், வறுத்தாலும், பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது போகாது. புளி, மிளகாய், மிளகு எதற்கும் அது அசையாது. நாம் போடும் காரம் நம் நாக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். மீன் உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. ஆனால் எப்போதும் சாப்பிடுகிறவருக்கு ஒருநாள் மட்டும் இப்படி வந்தால் அந்த மீனைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, உதடு, நாக்கு வீங்கினாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆகவே வாங்கும்போது கண்ணைப் பாருங்கள். தெளிவாகப் புடைத்து இருக்க வேண்டும், குழிந்து வெளுத்திருக்கக் கூடாது. செவுள் சிவப்பாக இருக்கிறதா, சதையை அமுக்கினால் குழி உடனே நிமிர்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், அன்றைக்கு எங்களுக்கும் தெரிந்தேதான் இருந்தது. இதைவிட முக்கியமான கேள்வி ஐஸ். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். மேலே நான்கு துண்டு தூவுவது கணக்கில் சேராது. அடியில், நடுவில், மேலே என்று அடுக்க வேண்டும். பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று போதும்.

டிபன் பாக்ஸில் வேண்டாம்

செய்து காட்டிய எல்லா ஊரிலும் தாய்மார் கேட்டது, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் கொடுக்கலாமா என்று. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஏழரைக்குக் கட்டினால் பிள்ளை சாப்பிடும்போது மணி பன்னிரண்டரை. ஐந்து மணி நேரம். சமைத்த மீன் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம்தான். இது சாயங்காலப் பலகாரம். பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு சுட்டுக் கொடுப்பது. மிஞ்சிய விழுதை ஆறவைத்து, மூடி போட்ட பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் அந்த இரண்டு நாளையும் நம்பாதீர்கள். அளவாகச் செய்யுங்கள்.

பாட்டிலில் அடைக்கலாமா?

ஒரு குழுவில் தீர்மானமே எழுதிவிட்டார்கள். "மீன் விழுதை ஊறுகாய் பாட்டில்ல போட்டு மேல எண்ணெய் ஊத்தி, கண்காட்சில ஸ்டால் போட்டு விக்கலாம் மேடம். மீன் ஊறுகா விக்கிறாங்கல்ல?" நல்ல கேள்வி. உள்கடனில் 100 பாட்டில் வாங்கக் கிளம்பியவர்களை நாங்கள்தான் நிறுத்தினோம். அவர்களுக்கு எங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்.

மீன் ஊறுகாய் வேறு, மீன் விழுது வேறு. ஊறுகாய்க்கு மீனை முறுக வறுத்து, வினிகரும் உப்பும் கணிசமாகச் சேர்க்கிறோம். அந்தப் புளிப்பில் கிருமி வளர முடியாது. நம் விழுதில் ஈரம் அதிகம், புளிப்பு குறைவு. அதன் மேல் எண்ணெய் ஊற்றினால் காற்று மட்டும்தான் தடைபடும். காற்று இல்லாத இடத்திலேயே வளரும் பொட்டுலினம் என்ற கிருமி ஒன்று இருக்கிறது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி உயிரையே எடுத்துவிடும். பாட்டிலைத் திறந்தால் நாற்றம் வந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தொழிற்சாலையில் டப்பா மீனை அதிக அழுத்தத்தில், கொதிநிலைக்கும் மேலான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். நம் வீட்டு அடுப்பில் பாட்டிலைக் கொதிக்க வைப்பது அதற்கு ஈடாகாது.

விற்க வேண்டும் என்றால் டோஸ்டாக, சுடச்சுட, அன்றன்றைக்கு விற்கலாம். டியூஷன் சென்டர் வாசல், பஸ் நிறுத்தம், சாயங்காலம் நான்கு முதல் ஏழு வரை. காலையில் செய்த விழுதை வைத்துக்கொண்டு உட்காராமல், மூன்று மணிக்கு மேல் கிளறி, அதையும் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவுச் சான்று வாங்கிவிடுங்கள். சிறு வியாபாரம்தானே என்று விட வேண்டாம், சிறு வியாபாரத்துக்கும் பதிவு உண்டு. முதல் வாரம் 20 டோஸ்டுக்கு மேல் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மிஞ்சினால் மறுநாள் விற்க முடியாத சரக்கு இது.

கருவாட்டில் செய்யும் முறை

கடல் பக்கம் இல்லாத குழுக்களுக்கும் தடைக்காலத்துக்கும் இது. 100 கிராம் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் மண் போக அலசுங்கள். துணியில் ஒற்றி, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, மேலே சொன்ன வதக்கிய மசாலாவோடு இடியுங்கள். உப்பு போடவே வேண்டாம். எலுமிச்சம் பழம் அரை மூடி பிழிந்தால் தூக்கிக் கொடுக்கும். தேங்காய்த் துருவல் சேர்த்தால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் ஊசிப்போகும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ருசி பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளுங்கள், எவ்வளவு அலசினாலும் கருவாட்டு உப்பு முழுதாகப் போகாது. சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைக்கிற மாசி கிடைத்தால் அதைத் தட்டிப் போட்டும் செய்யலாம், வாசம் இன்னும் நன்றாக இருக்கும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பும் உள்கடனும் முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பேசிப் பாருங்கள். உங்கள் ஊருக்கு வரும் மீன் எத்தனை மணிக்குக் கரையேறுகிறது? உங்கள் கைக்கு எத்தனை மணிக்கு வருகிறது? இடையில் அது எதில் இருக்கிறது? மீன் கொண்டுவருகிற அக்காவோ அண்ணனோ இருந்தால் அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஐஸ் போட்டுக் கொண்டுவர அவருக்கு எவ்வளவு கூடுதல் செலவாகும், அதை நாம் பகிர்ந்துகொள்ள முடியுமா என்று கேளுங்கள். அந்த உள்கிராமத்துக் குழு இப்போது அதைத்தான் செய்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், பெட்டியில் ஐஸோடு மீன் வருகிறது. அரிப்பு வந்த அந்தத் தங்கைதான் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குகிறார்.